வலை வந்த கதை – 14: எல்லாக் கதவுக்கும் ஒரே காவல்

போன வாரம் 1983 ஆகஸ்டில் நிறுத்தியிருந்தோம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து 4.2 பி.எஸ்.டி. என்ற யூனிக்ஸ் பதிப்பு வெளிவந்தது. சாம் லெஃப்ளர் முன்நின்று முடித்த பதிப்பு அது. அந்த ஆண்டு ஜனவரி முதல் தேதியே, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் முழுவதும் டி.சி.பி./ஐ.பி.க்கு மாறியிருந்தது. அந்த மொழியை எந்த நிரலும் எளிதாகப் பேசுவதற்கான வழியை 4.2 தந்தது. அதன் பெயர் சாக்கெட்.

அடுத்த ஆண்டு, 1984-ல், நம் கோவில்பட்டி கே.ஆர். நகரில் நேஷனல் பொறியியல் கல்லூரி தொடங்கியது. கரிசல் காட்டுப் பிள்ளைகள் கணினி படிக்க வழி பிறந்த காலம். நெட்வொர்க் லேபில் உட்கார்ந்து சாக்கெட், பைண்ட், லிசன், அக்செப்ட் என்று வரிசையாக எழுதி, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிய யாருக்கும் இந்த வாரக் கதை புரியும். அந்த நான்கு அழைப்புகளில்தான் சிக்கல் தொடங்கியது.

*

4.2 ஏற்றிய கணினியில் வெளியிலிருந்து ஒருவர் உள்ளே வர வேண்டுமானால் டெல்நெட். கோப்பு எடுக்க எஃப்.டி.பி. பக்கத்துக் கணினியிலிருந்து நுழைய ஆர்லாகின். அங்கிருந்தே ஒரு கட்டளையை மட்டும் ஓட்ட ஆர்.எஸ்.எச். ஒவ்வொரு சேவைக்கும் ஒரு பின்னணி நிரல். யூனிக்ஸ்காரர்கள் அதை டெமன் என்பார்கள்.

கணினி எழும்போதே டெமன்களும் எழும். ஒவ்வொன்றும் தனக்கென எண்ணிட்ட ஒரு கதவை, அதாவது போர்ட்டை, திறந்து வைத்துக் காத்திருக்கும். டெல்நெட்டுக்கு 23, எஃப்.டி.பி.க்கு 21. யாராவது வந்தால் தன்னையே ஒரு நகல் எடுத்து, அந்த நகலிடம் வந்தவரை ஒப்படைத்துவிட்டு, மறுபடி காத்திருக்கும்.

நாளெல்லாம் யாரும் வராவிட்டாலும் காத்திருக்கும்.

இன்று நம் கைப்பேசியில் நூற்றுக்கணக்கான பின்னணி வேலைகள் ஓடுகின்றன, நாம் கண்டுகொள்வதில்லை. அன்று அப்படி முடியாது. வாக்ஸ் 11/780 என்ற இயந்திரத்தை ஒரு துறையே பங்கிட்டுக்கொண்டது. நினைவகம் சில மெகாபைட்டுகள்தான். தூங்குகிற டெமனின் பக்கங்களை, யூனிக்ஸின் மையமான கெர்னல் வட்டுக்கு அனுப்பிவிடலாம்; ஆனால் அதன் பெயரில், ஓடும் நிரல்களைக் குறித்து வைக்கும் பிராசஸ் அட்டவணையில் ஓர் இடம் பிடிக்கப்பட்டே இருக்கும். அந்த அட்டவணை வளராது. கெர்னலைக் கட்டும்போதே அளவு முடிவாகிவிடும்: பயனர் எண்ணிக்கை என்று நிர்வாகி கொடுக்கும் எண்ணை எட்டால் பெருக்கி, இருபதைக் கூட்டினால் வருவதுதான் மொத்த இடம். அது நிறைந்துவிட்டால் அடுத்தவருக்குப் புதிதாக ஒரு பிராசஸ் கிடையாது.

இடப் பற்றாக்குறை பாதிச் சிக்கல்தான். மீதிப் பாதி நிரல் எழுதுகிறவருடையது. டெல்நெட் டெமனின் மூலநிரலையும் எஃப்.டி.பி. டெமனின் மூலநிரலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் முதல் பகுதி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சாக்கெட்டைத் திற. போர்ட்டோடு கட்டு. காது கொடு. வந்தால் ஏற்றுக்கொள். நகல் எடு. இறந்த நகல்களைக் கணக்கெடுத்து அப்புறப்படுத்து. இத்தனையும் முடிந்த பிறகுதான் அந்தச் சேவையின் உண்மையான வேலை ஆரம்பிக்கும். ஒரே பிழையை ஐந்து நிரல்களில் ஐந்து தடவை திருத்த வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யூனிக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறக்கும் உரிமை ரூட்டுக்கு மட்டும்தான். ரூட் என்றால் அந்தக் கணினியில் எல்லாம் செய்யக்கூடிய அதிகாரி. ஆக, நேரம் சொல்வதைத் தவிர வேறெதுவும் செய்யாத டெமன்கூட முழு அதிகாரத்தோடு பிறக்க வேண்டியிருந்தது.

*

கரிசல் ஊர்களில் அறுவடைக் காலத்தை நினைத்துப் பாருங்கள். கம்பும் சோளமும் உளுந்தும் களத்துக்கு வந்த பிறகு, ஒவ்வொரு சம்சாரியும் தன் அம்பாரத்துக்குப் பக்கத்தில் ராத்திரியெல்லாம் விழித்திருப்பதில்லை. ஊருக்குப் பொதுவாக ஒரு காவல்காரர். ஆள் நடமாட்டம் தெரிந்தால் எந்தக் களம் என்று பார்த்து, அந்த வீட்டுக்காரரை எழுப்புவார். மற்றவர்கள் தூங்கலாம்.

பெர்க்லியின் கணினி ஆய்வுக் குழு செய்ததும் அதைத்தான். 1986 ஜூனில் 4.3 பி.எஸ்.டி. வந்தது. அதற்குள் புதிதாக ஒரு நிரல் இருந்தது: ஐநெட்டி. பிற்காலத்தில் இதற்குச் சூப்பர் சர்வர் என்ற பட்டமும் சேர்ந்தது.

ஐநெட்டிக்குப் படிக்க ஒரு சிறு கோப்பு உண்டு. வரிக்கு ஒரு சேவை. சேவையின் பெயர், இணைப்பின் வகை, நெறிமுறை, காத்திருக்க வேண்டுமா வேண்டாமா, எந்தப் பயனர் பெயரில் ஓட வேண்டும், எழுப்ப வேண்டிய நிரல் எங்கே இருக்கிறது. அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டு, பட்டியலில் உள்ள எல்லாப் போர்ட்டுகளையும் ஐநெட்டியே திறக்கும். பிறகு செலக்ட் என்ற ஒற்றை அழைப்பில் போய் உட்கார்ந்துவிடும். இந்தப் போர்ட்டுகளில் எதில் அசைவு தெரிந்தாலும் என்னை எழுப்பு என்று கெர்னலிடம் சொல்லிவிட்டுத் தூங்குவதுதான் செலக்ட்.

இப்போது யாரோ 23-ஐத் தட்டுகிறார்கள்.

இந்தக் கணத்தில் கொஞ்சம் நிற்போம். மொத்தக் கதையும் இங்கேதான் திரும்புகிறது.

கெர்னல் ஐநெட்டியை எழுப்புகிறது. ஐநெட்டி இணைப்பை ஏற்றுக்கொண்டு, தன்னை நகலெடுக்கிறது. அந்த நகல் மூன்று காரியங்கள் செய்கிறது. வந்த இணைப்பை எடுத்து 0, 1, 2 என்ற மூன்று எண்களில் பொருத்துகிறது. கோப்பில் சொன்ன பயனராகத் தன் அதிகாரத்தைக் குறைத்துக்கொள்கிறது. கடைசியாக எக்ஸெக் அழைப்பின் மூலம் தன் உடலை விட்டுவிட்டு டெல்நெட் டெமனாகவே மாறிவிடுகிறது.

0, 1, 2 என்பவை யூனிக்ஸில் எல்லா நிரலுக்கும் பிறக்கும்போதே கிடைப்பவை. 0 உள்ளீடு, 1 வெளியீடு, 2 பிழைச்செய்தி. விசைப்பலகையில் தட்டுவது 0 வழியாக வரும். திரையில் தெரிவது 1 வழியாகப் போகும். இப்போது அந்த 0-வும் 1-ம் கண்டம் தாண்டி உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் போய்ச் சேர்கின்றன. நிரலுக்கு அது தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஒரு வரியைப் படி, பதிலை எழுது, முடிந்ததும் செத்துப்போ.

டெமன்கள் இளைத்தன. சாக்கெட், பைண்ட், லிசன், அக்செப்ட், நகலெடுப்பு, இறந்தவர் கணக்கு எல்லாம் நிரலைவிட்டு வெளியேறின. எஞ்சியது சேவையின் வேலை மட்டும். எதிரொலி, நேரம் போன்ற மிகச் சிறிய சேவைகளுக்குத் தனி நிரலே வேண்டாம் என்று ஐநெட்டி தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டது. சும்மா காத்திருந்த பிராசஸ்களின் இடத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

எனக்கு இதில் மிகப் பிடித்தது நினைவக மிச்சம்கூட இல்லை. நெட்வொர்க் நிரல் எழுதுவது அதுவரை ஒரு தனி வித்தை. ஐநெட்டி வந்த பிறகு, விசைப்பலகையிலிருந்து படித்துத் திரையில் எழுதத் தெரிந்த எவரும் உலகத்துக்குச் சேவை தர முடிந்தது. நாலு வரி ஷெல் ஸ்கிரிப்ட்கூட சர்வர் ஆகலாம். அந்தக் காலத்துக்கு அது பெரிய விடுதலை.

*

அதே 1986-ல் கர்நாடகத்தின் கிட்டூரில் வேறொரு சிறிய பெட்டி வேலைக்கு வந்தது. சாம் பித்ரோடாவின் யோசனையில் 1984-ல் உருவான சி-டாட் நிறுவனம் வடிவமைத்த 128 போர்ட் கிராமத் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச். ஏ.சி. இல்லாமல், புழுதியிலும் வெயிலிலும் ஓட வேண்டும் என்பதே அதற்கு இட்ட கட்டளை. பின்னர் அந்த வகை எக்ஸ்சேஞ்சுகள் தமிழகக் கிராமங்களுக்கும் வந்தன. தாலுகா தலைநகரத்துக்குப் பஸ் ஏறி டிரங்க் கால் போட்ட தலைமுறைக்கு அதன் அருமை தெரியும்.

தொலைபேசித் துறை இந்த ஞானத்தை வெகு முன்பே அடைந்திருந்தது. ஊரில் நூறு இணைப்பு இருந்தால், டயல் எண்ணை வாங்கிப் புரிந்துகொள்ளும் உறுப்பை நூறு வைக்க மாட்டார்கள். சிலவற்றை வைத்து, ரிசீவரைத் தூக்கியவருக்கு மட்டும் அந்நேரத்தில் ஒன்றை ஒதுக்குவார்கள். எல்லோரும் ஒரே நொடியில் பேசுவதில்லை என்ற எளிய உண்மைதான் அடிப்படை. கையில் குறைவாக இருக்கும்போது காத்திருப்பதைப் பொதுவாக்கு, வேலையைத் தனியாக்கு. கிட்டூரும் பெர்க்லியும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே பாதையில் நின்றன.

நம் நாட்டில் வலை அப்போது கண் திறந்துகொண்டிருந்தது. மின்னணுத் துறையும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து 1986-ல் எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கின. அதில் சேர்ந்தவை பம்பாயின் என்.சி.எஸ்.டி. (தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம்), பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், டெல்லியில் மின்னணுத் துறை, ஐந்து ஐ.ஐ.டி.கள். அந்த ஐந்தில் மெட்ராஸும் ஒன்று. முதலில் டயல்-அப் போட்டு மூட்டை மூட்டையாக மின்னஞ்சல் அனுப்பினார்கள். என்.சி.எஸ்.டி.யின் சீனிவாசன் ராமானியை இந்த முயற்சிக்காகவே 2014-ல் இணையப் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள்.

*

ஐநெட்டிக்குள் எல்லாமே போய்விடவில்லை.

மின்னஞ்சல் அனுப்பும் சென்ட்மெயில் வெளியே நின்றது. எழும்போதெல்லாம் தன் நீண்ட அமைப்புக் கோப்பைப் படித்து முடிக்க அதற்கு நேரம் பிடிக்கும். பெயரை முகவரியாக மாற்றும் நேம்டியும் வெளியே நின்றது. கேட்டுத் தெரிந்துகொண்டதை ஞாபகம் வைத்திருப்பதுதான் அதன் பலமே. ஒவ்வொரு கேள்விக்கும் பிறந்து ஒவ்வொரு பதிலுக்கும் சாகிற நிரலுக்கு ஞாபகம் ஏது?

பின்னாளில் வெப் சர்வர்களும் இதே முட்டுச்சந்துக்கு வந்தன. அப்பாச்சியின் பழைய பதிப்புகளில் ஐநெட்டிக்குக் கீழே ஓட்டும் வசதி இருந்தது. நாளைக்குப் பத்துப் பேர் வரும் தளத்துக்கு அது சரி. நொடிக்குப் பத்துப் பேர் வரத் தொடங்கினால், பிறப்புக்கும் இறப்புக்குமே இயந்திரத்தின் உழைப்பெல்லாம் போய்விடும்.

அடிக்கடி தேவைப்படாதது, சிறியது, ஞாபகம் வேண்டாதது: இந்த மூன்றும் பொருந்தும் நிரலுக்கு ஐநெட்டி ஒரு வரம். அப்படிப் பொருந்திய நிரல்களில் ஒன்று ஃபிங்கர்டி.

*

ஃபிங்கர் என்பது பழைய சேவை. அதன் நெறிமுறையை 1977-லேயே எழுதிவிட்டார்கள். போர்ட் 79-ஐத் தட்டி ஒரு பெயரை அனுப்பினால், அந்த ஆள் கணினியில் இருக்கிறாரா, கடைசியாக எப்போது வந்தார் என்று பதில் வரும்.

4.3-ல் வந்த ஃபிங்கர்டி மிக மிகச் சிறியது. ஐநெட்டி எழுப்பும். இணைப்பு 0-வில் தயாராக இருக்கும். ஒரு வரியைப் படித்து, அதை ஃபிங்கர் நிரலிடம் கொடுத்து, விடையைத் திருப்பி அனுப்பி, முடிந்துவிடும்.

வரியைப் படிக்க அதை எழுதியவர் சி மொழியின் கெட்ஸ் என்ற அழைப்பைப் பயன்படுத்தினார். வரும் வரியை வைக்க 512 பைட் இடம் ஒதுக்கினார்.

கெட்ஸ் 0-விலிருந்து மட்டும்தான் படிக்கும். எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்காது. வரி முடியும்வரை படித்துக்கொண்டே போகும். இடம் தீர்ந்தால் பக்கத்து நினைவகத்தில் எழுதும். விசைப்பலகையில் தட்டுகிறவர் நம் ஆள் என்றால் பெரிய ஆபத்தில்லை. இங்கே 0-வின் மறுமுனையில் இருந்தது உலகம்.

தனி டெமனாக இருந்திருந்தால் இணைப்பு வேறொரு எண்ணில் வந்திருக்கும், கெட்ஸை நேரடியாக வைத்திருக்கவே முடியாது. நெட்வொர்க்கை விசைப்பலகை மாதிரி ஆக்கித் தந்த அதே வசதிதான் விசைப்பலகைக்கான அசட்டையையும் நெட்வொர்க்குக்குள் அழைத்து வந்தது என்பது என் எண்ணம். இதற்காக ஐநெட்டியைக் குற்றம் சொல்ல மாட்டேன். பிழை கெட்ஸிலும் அதை நம்பியவரிடமும் இருந்தது. ஆனால் எளிதாக்கப்பட்ட இடத்தில் எச்சரிக்கை குறையும் என்பதை யாரும் அப்போது யோசிக்கவில்லை.

*

1988 நவம்பர் 2, புதன்கிழமை, மாலை.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ் எழுதிய, தானாகவே பரவும் ‘புழு’ நிரல் ஒன்று, எம்.ஐ.டி.யின் கணினி ஒன்றிலிருந்து வலைக்குள் இறங்கியது. அவருடைய தந்தை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையில் கணினிப் பாதுகாப்பு அறிஞர்.

அந்தப் புழு மூன்று வழிகளில் நுழைந்தது. சென்ட்மெயிலில் மறந்துபோய்த் திறந்து விடப்பட்டிருந்த ஒரு சோதனை வழி. கடவுச்சொல்லை ஊகித்துவிட்டு ஆர்.எஸ்.எச்., அதைப் போன்ற ரெக்ஸெக் வழியாக. மூன்றாவது, ஃபிங்கர்டி. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் கதவைத் திறந்து விட்டது ஐநெட்டி.

ஃபிங்கர்டிக்குப் பெயருக்குப் பதிலாக 536 பைட் வந்தது. 512 இடம் நிறைந்தது. மீதி 24 பைட், நிரல் முடிந்ததும் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்று குறித்து வைத்திருந்த இடத்தின் மேல் எழுதப்பட்டது. ஃபிங்கர்டி தன் வேலையை முடித்துத் திரும்பியபோது, போய்ச் சேர்ந்தது வந்த வரிக்குள்ளேயே ஒளிந்திருந்த கட்டளைகளுக்கு. அவை ஒரு ஷெல்லை, அதாவது கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரலை, எழுப்பின.

அந்த ஷெல்லின் 0-வும் 1-ம் ஏற்கனவே தாக்கியவரோடு இணைந்திருந்தன. ஐநெட்டி பொருத்தி வைத்தது அப்படியே இருந்தது. ஷெல்லோடு பேசத் தனியாக இணைப்பு எதுவும் புழு போட வேண்டியிருக்கவில்லை.

வாக்ஸ் இயந்திரங்களில் இது பலித்தது. சன் இயந்திரங்களுக்கு அந்தக் கட்டளைகள் பொருந்தாததால் ஃபிங்கர்டி விழுந்தது, அவ்வளவுதான். விழுந்ததை யாரும் கவனிக்கவும் வாய்ப்பில்லை. அடுத்த தட்டலுக்கு ஐநெட்டி புத்தம் புதிய ஃபிங்கர்டி ஒன்றை எழுப்பிவிடும்.

விடிவதற்குள் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் திணறின. ஏற்கனவே நுழைந்த கணினிக்குள்ளேயே புழு திரும்பத் திரும்ப நுழைந்து, பிராசஸ் அட்டவணைகளை நிரப்பியது. எந்த அட்டவணையில் இடம் மிச்சம் பிடிக்க ஐநெட்டி பிறந்ததோ, அதே அட்டவணை. அன்றைய வலையில் இருந்தவை ஏறக்குறைய 60,000 கணினிகள், பாதிக்கப்பட்டவை 6,000 இருக்கும் என்பது அப்போது சொல்லப்பட்ட மதிப்பீடு.

நம் நாட்டுக்கு அது வரவில்லை. புழு பரவ உயிரோட்டமுள்ள டி.சி.பி. இணைப்பு தேவை. பம்பாயின் என்.சி.எஸ்.டி.க்கும் அமெரிக்காவின் யூயூநெட் நிறுவனத்துக்கும் இடையே 9.6 கிலோபிட் வேகத்தில் லீஸ்டு லைன் வந்தது 1989-ல்தான்.

பெர்க்லியில் கீத் போஸ்டிக் உடனடியாகத் திருத்தங்களை வெளியிட்டார். கெட்ஸை எடுத்துவிட்டு, இடத்தின் அளவைக் கேட்டுக்கொண்டு படிக்கும் எஃப்கெட்ஸை வைத்தால் ஃபிங்கர்டியின் ஓட்டை அடைந்துவிடும். ஒரு வரி மாற்றம். அந்த மாதமே கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் என்ற அவசரக் குழுவை அமைக்க ஏற்பாடு நடந்தது. 1990-ல் மோரிஸுக்கு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூகப்பணி, 10,050 டாலர் அபராதம் என்று தீர்ப்பு வந்தது. சிறைத்தண்டனை இல்லை. சி மொழியின் தர வரையறையிலிருந்து கெட்ஸை அடியோடு நீக்க 2011 வரை ஆனது.

*

ஃபிங்கர்டி திருத்தப்பட்டது. ஐநெட்டி அப்படியே இருந்தது.

அதன் வேலை எழுப்புவது. தட்டியவர் யார், எந்த ஊர், எத்தனை முறை வந்தார் என்று அது கேட்டதில்லை. குறித்தும் வைக்கவில்லை. பட்டியலில் சேவையின் பெயர் இருந்தால் கதவு திறக்கும். நண்பருக்கும் திருடனுக்கும் ஒரே மரியாதை.

புழு வந்து இரண்டு ஆண்டு கழித்து, நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யாரோ ஒருவன் ஃபிங்கரால் யார் யார் விழித்திருக்கிறார்கள் என்று வேவு பார்த்துவிட்டு, ஆள் இல்லாத நேரத்தில் நுழைந்து கோப்புகளை மொத்தமாக அழித்துக்கொண்டிருந்தான். அழித்ததோடு தடயமும் போய்விடும். அங்கே பணியாற்றிய வீட்சா வெனமா என்பவருக்கு முதலில் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அவன் எங்கிருந்து வருகிறான்?

கையில் பல நிறுவனங்களின் யூனிக்ஸ்கள். பலவற்றுக்கு மூலநிரல் கிடையாது. டெல்நெட் டெமனைத் தொட முடியாது, ஃபிங்கர்டியைத் தொட முடியாது, ஐநெட்டியையும் தொட முடியாது. அவர் கை வைக்கக்கூடிய ஒரே இடம், ஐநெட்டி படிக்கும் அந்தச் சிறு கோப்பு.

எந்த நிரலிலும் ஒரு வரிகூட மாற்றாமல், அந்தக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு வெனமா திருடனை எப்படிக் கண்ணுக்குத் தெரிய வைத்தார்?

(அடுத்த வாரம்)